வயிற்றுக்குள் ஒரு துளை

காரைக்காலுக்குப் போயிருக்கிறீர்களா? மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, கிழக்கே வங்கக் கடலைப் பார்த்தபடி அமைந்த சிறிய பகுதி அது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அரசலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து மீன் பிடிக்கப் புறப்படும் ஒரு படகில் நாமும் ஏறிக்கொள்வோம். கற்பனையாகத்தான்! படகில் நாற்பத்தைந்து வயதுள்ள மீனவர் ஒருவர் இருக்கிறார். அவரை உங்கள் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் வலை இழுத்ததால் அவருக்குத் தோளிலும் முழங்காலிலும் ஓயாத வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் இரண்டு வேளை விழுங்குகிறார். பல நாள் வெறும் வயிற்றில். பீடிப் பழக்கமும் உண்டு. சில மாதங்களாக மேல் வயிற்றில் எரிச்சல். சாப்பிட்டால் அடங்கும், நடு இரவில் மீண்டும் கிளம்பும். "வயிற்றுச் சூடுதான்" என்று மோர் குடித்துச் சமாளித்து வந்தார்.

விடியற்காலை மூன்று மணி. கரை கண்ணுக்குத் தெரியாத தொலைவு. திடீரென்று மேல் வயிற்றில் கத்தியால் குத்தியதுபோல் ஒரு வலி. பெரியப்பா அப்படியே சுருண்டு படுத்துவிட்டார். அசைந்தால் வலி கூடுகிறது. ஆழமாக மூச்சு விட்டாலும் கூடுகிறது. உடம்பெல்லாம் வேர்க்கிறது. வயிற்றைத் தொட்டால் பலகைபோல் விறைத்திருக்கிறது.

ஐந்தரை மணி. பெரியப்பா மெல்லக் கண் திறக்கிறார். "இப்போ பரவாயில்லேடா. வலி விட்டுப்போச்சு. மீனைப் பிடிச்சிட்டே கரைக்குப் போகலாம்" என்கிறார்.

இப்போது படகைத் திருப்ப வேண்டுமா, வேண்டாமா? நீங்கள் என்ன சொல்வீர்கள்? விடை சொல்வதற்கு முன், அவருடைய வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

அமிலத்தைச் சுமக்கும் பை

நம் இரைப்பை ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற நொதியும் இருக்கிறது. ஆட்டிறைச்சியைக் கரைக்கிற இந்த நீர், தசையால் ஆன இரைப்பையையே ஏன் கரைத்துவிடவில்லை?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கடற்கரையில் இரண்டு கிளிஞ்சல்களைப் பொறுக்குங்கள். ஒன்றின் மேல், பெரியவர் ஒருவர் துணையோடு, உருகிய மெழுகை முழுவதும் படியும்படி பூசி ஆற விடுங்கள். இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில் இட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றுங்கள். மெழுகு பூசாத கிளிஞ்சலிலிருந்து குமிழிகள் கிளம்பும். அமிலம் அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கிறது. வெளிவருவது கார்பன் டை ஆக்சைடு வாயு. மெழுகு பூசிய கிளிஞ்சல் சும்மா கிடக்கும். மெழுகில் ஓர் ஊசிமுனை அளவு கீறல் இருந்தால்கூட, அந்த இடத்தில் மட்டும் குமிழி வருவதைக் கவனியுங்கள்.

நம் இரைப்பையின் உட்சுவரிலும் இப்படி ஒரு கவசம் உண்டு. அது வழவழப்பான சளிப்படலம். அதோடு, சுவரின் செல்கள் பைகார்பனேட்டையும் கசியவிடுகின்றன. படலத்தைத் தாண்டி வரும் அமிலத்தை அது சமன் செய்துவிடும். இவையும் போதாதென்று, உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. அமிலம் ஒரு பக்கம், கவசம் மறு பக்கம். இரண்டும் சமமாக உள்ளவரை தொல்லை இல்லை. கவசத்தில் கீறல் விழுந்தால் அங்கே புண் உண்டாகும்.

இந்தப் புண் இரைப்பையிலும் வரலாம். இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலிலும் வரலாம். முன்சிறுகுடலை மருத்துவர்கள் டியோடினம் என்பார்கள். பன்னிரண்டு விரற்கடை நீளம் என்ற பொருளில் வந்த பெயர் அது. இரண்டு வகைப் புண்ணையும் சேர்த்துத்தான் பேச்சு வழக்கில் 'அல்சர்' என்கிறோம்.

குற்றவாளியைத் தேடி

தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் அதிகம் என்பதை மருத்துவர்கள் வெகு நாட்களுக்கு முன்பே கவனித்திருந்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் பணியாற்றியவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட மலையேறி அவர். மலையை விட்டுவிட்டு நெய்யூருக்கு வந்த அவருடைய கத்திக்கு ஓயாத வேலை கொடுத்தது இந்தக் குடல் புண்தான்.

காரணம் என்ன? குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழை மக்கள் உண்ட மரவள்ளிக் கிழங்கு உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பல எலிகளின் இரைப்பையில் புண் வந்தது. சத்துக் குறைவே காரணம் என்று எண்ணினார்கள். ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா 1964இல் வெளியிட்ட ஆய்வில், வடக்கே கோதுமை உண்போரைவிடத் தெற்கே அரிசி உண்போரிடம் இந்நோய் மிகுதி என்று காட்டினார். மென்று உண்பதில் உள்ள வேறுபாடு காரணமாகலாம் என்பது அவர் கருத்து. மிளகாய்க் காரம், புளி, கவலை, கோபம் என்று ஊரெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னது.

உண்மைக் குற்றவாளிகளில் ஒருவன் 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அகப்பட்டான். ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், நோயாளிகளின் இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவப் பாக்டீரியாக்களைக் கண்டார்கள். அவற்றை ஆய்வுக்கூடத் தட்டுகளில் வளர்க்க முயன்றபோது ஒன்றும் வளரவில்லை. வழக்கமாக இரண்டு நாட்களில் தட்டுகளை எறிந்துவிடுவார்கள். ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் ஒரு தட்டு ஐந்து நாட்கள் கிடந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், பாக்டீரியா வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் கிருமி அது, அவ்வளவுதான்.

அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்று நம்பிய காலம் அது. யாரும் இவர்களை எளிதில் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமிகள் கலந்த நீரைத் தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசும் வந்தது.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இக்கிருமி அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது? யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும் நொதி அதனிடம் உண்டு. அந்த அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைச் சமன் செய்ய, கிருமி சளிப்படலத்துக்குள் புகுந்து குடியேறுகிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரைப்பையில் இது இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஆனால் கிருமி உள்ள எல்லோருக்கும் புண் வருவதில்லை, சிலருக்கே வருகிறது.

இரண்டாவது குற்றவாளி பெரியப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது! ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளே அது. உடலில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டு. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுபவை அவையே. இரைப்பையில் சளிப்படலத்தைக் காப்பவையும் அவையே. இம்மாத்திரைகள் அந்தப் பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் கண்டறிந்தவர் ஜான் வேன். முழங்கால் வலி குறைகிறது. கூடவே இரைப்பையின் கவசமும் மெலிகிறது.

மூன்றாவது புகை. புகைப்பவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். துளை விழும் ஆபத்தும் அதிகம். காரமான குழம்பு எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண்ணை உண்டாக்குவது அதுவே என்பதற்குச் சான்று இல்லை. பாவம், மிளகாயின் மேல் இத்தனை காலம் பழி!

மூன்று கட்டங்கள்

புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போனால் ஒரு நாள் சுவர் முழுவதையும் துளைத்துவிடும். முன்சிறுகுடலின் பின்பக்கச் சுவரில் உள்ள புண், அருகிலுள்ள இரத்தக் குழாயை அரித்து இரத்தம் கசிய வைக்கும். துளை பெரும்பாலும் முன்பக்கச் சுவரிலேயே விழுகிறது. அது மிளகளவே இருக்கலாம். அதன் வழியே அமிலம், உணவு, காற்று எல்லாம் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. அதன் பிறகு நடப்பதை மூன்று கட்டங்களாகச் சொல்லலாம்.

முதல் கட்டத்தில், வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையான பெரிடோனியத்தை அமிலம் சுடுகிறது. நரம்புகள் நிறைந்த உறை அது. ஆகவேதான் அந்தக் கத்திக் குத்து வலி. எத்தனை மணிக்கு வலி தொடங்கியது என்று பல நோயாளிகளால் துல்லியமாகச் சொல்ல முடியும். வயிற்றுத் தசைகள் விறைத்துக்கொள்கின்றன.

இரண்டாம் கட்டம் சில மணி நேரம் கழித்து வருகிறது. உறை எரிச்சலுற்றுத் தானே நீரைச் சுரக்கிறது. அந்த நீர் அமிலத்தை நீர்க்கச் செய்கிறது. வலி தணிகிறது! நோயாளி பேசுகிறார், சிலர் எழுந்து உட்காரவும் செய்வார்கள். வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆனால் துளை அப்படியேதான் இருக்கிறது.

மூன்றாம் கட்டத்தில் கிருமிகள் பெருகுகின்றன. வயிறு உப்புகிறது, வாந்தியும் காய்ச்சலும் வருகின்றன. நாடி வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் சரிகிறது. பெரிடோனியத்தை விரித்துப் பரப்பினால் நம் தோலின் பரப்பளவுக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். அவ்வளவு பெரிய பரப்பில் சீழ் பிடித்தால் நச்சு இரத்தத்தில் கலந்து உயிரைப் பறித்துவிடும்.

படகில் பெரியப்பா "வலி விட்டுப்போச்சு" என்றாரே, அவர் எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதியவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் தொடக்க வலிகூட இலேசாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முகவரி மாறும் வலி

இந்நோயில் சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன தொடர்பு? நுரையீரலையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் நரம்பு, கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து வருகிறது. தோளின் தோலுக்குச் செல்லும் நரம்பும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கசிந்த நீர் உதரவிதானத்தைத் தொட்டதும், மூளை அதைத் தோளிலிருந்து வந்த செய்தி என்று எண்ணி ஏமாறுகிறது.

மருத்துவர்களே ஏமாறுவதும் உண்டு. கசிந்த நீர் வயிற்றின் வலப்பக்கமாக வழிந்து கீழே தேங்கினால், குடல்வால் அழற்சிபோல் வலி தோன்றும். ஹாலிவுட்டின் ஊமைப்பட நடிகர் ருடால்ஃப் வாலண்டினோவுக்கு 1926 ஆகஸ்டில் நியூயார்க்கில் இப்படித்தான் ஆயிற்று. குடல்வால் நோய் என்று முதலில் கருதப்பட்டது. உண்மையில் புண்ணில் துளை விழுந்திருந்தது. அறுவை நடந்தும் அவர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 31.

பிறை தெரிகிறதா?

மருத்துவமனையில் நோயாளியைச் சில நிமிடங்கள் நிமிர்த்தி உட்கார வைத்து நெஞ்சுக்கு எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பார்கள். துளை வழியே வெளியேறிய காற்று மேலே ஏறி உதரவிதானத்தின் கீழ் தங்கும். வலப்பக்கம் கல்லீரலுக்கு மேல், மூன்றாம் பிறைபோல் ஒரு கரிய வளைவு தெரியும். அதைக் கண்டால் துளை உறுதி எனலாம். பிறை எல்லோருக்கும் தெரிவதில்லை. ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

பிறகு மளமளவென்று வேலை நடக்கும். வாய் வழியே எதுவும் தரமாட்டார்கள். மூக்கு வழியே ரைல்ஸ் குழாயைச் செலுத்தி இரைப்பையைக் காலி செய்வார்கள். நரம்பில் உப்பு நீர், கிருமிக்கொல்லி மருந்து, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து ஆகியவை ஏறும். அடுத்து அறுவைச் சிகிச்சை.

நம் வயிற்றுக்குள் குடல்களின் முன்னே கொழுப்பாலான திரை ஒன்று தொங்குகிறது. ஓமெண்டம் என்பது அதன் பெயர். வயிற்றில் எங்கே அழற்சி தோன்றினாலும் அங்கே போய் ஒட்டிக்கொள்வதால், 'வயிற்றின் போலீஸ்காரர்' என்று அறுவை மருத்துவர்கள் அதைச் செல்லமாக அழைப்பார்கள். அதன் ஒரு துண்டை, இரத்த ஓட்டம் அறுபடாமல் இழுத்து வந்து, துளையின் மேல் வைத்து இரண்டு மூன்று தையல் போடுவார்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுவதுபோலத்தான்! கனடாவின் ராஸ்கோ கிரஹாம் 1937இல் விவரித்த முறையின் வழிவந்த முறைகளே இன்றும் கையாளப்படுகின்றன. கடைசியாக வயிற்றறையை வெதுவெதுப்பான உப்பு நீரால் நன்றாக அலசுவார்கள். இன்று பல இடங்களில் சிறு துளைகள் போட்டு, லாப்பராஸ்கோப் கருவி மூலமாகவும் இதைச் செய்கிறார்கள். புண் இரைப்பையில் இருந்தால், புற்றுநோயா என்று பார்க்க ஒரு துணுக்கைச் சோதனைக்கு அனுப்புவதும் வழக்கம்.

ஒட்டினால் போதுமா?

டியூபில் பஞ்சர் ஒட்டிவிட்டு, டயரில் குத்தியிருக்கும் முள்ளை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மறுபடி பஞ்சர்தான். ஹாங்காங்கில் நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் காட்டியது. துளையை அடைத்த பின், பைலோரிக் கிருமியையும் ஒழிக்க மருந்து பெற்றவர்களில் ஓராண்டுக்குள் புண் திரும்பியது 100க்கு 5 பேருக்கும் குறைவு. அம்மருந்து பெறாதவர்களிடம் அது 100க்கு 38.

காரைக்காலிலிருந்து வடக்கே, புதுச்சேரியிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையிலும் இதே கேள்வி எழுந்தது. விக்ரம் கேட், அனந்தகிருஷ்ணன், பத்ரிநாத் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், துளை அடைக்கப்பட்ட பிறகும் கிருமி தங்கியிருந்தவர்களுக்குப் புண் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். ஆகவே கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் மருத்துவர் சொன்ன நாட்கள் முழுவதும், பெரும்பாலும் 14 நாட்கள், மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதே ஜிப்மரின் மருத்துவக் கல்லூரிக் கிளை 2016இல் காரைக்காலிலேயே தொடங்கப்பட்டது.

படகைத் திருப்புங்கள்!

இனி முதல் கேள்விக்கு வருவோம். டென்மார்க்கில் துளை விழுந்த 2,668 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்த பின் அறுவை ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும், பிழைக்கும் வாய்ப்பு முந்தைய மணியைவிடச் சராசரியாக 2.4 விழுக்காடு குறைகிறது. சிறிய எண்போல் தோன்றுகிறதா? காகிதமும் பென்சிலும் எடுங்கள். 0.976ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். பத்து மணி நேரத்தில் வாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கரைந்துவிடுகிறது!

கடலில் இருக்கும் பெரியப்பாவுக்குக் கடிகாரம் மூன்று மணிக்கே ஓடத் தொடங்கிவிட்டது. மீன் நாளைக்கும் கிடைக்கும். படகை உடனே திருப்ப வேண்டும். கரைக்கு முன்கூட்டியே செய்தி சொல்லி, 108 ஆம்புலன்ஸைத் துறைமுகத்தில் நிற்க வைக்க வேண்டும்.

கடலானாலும் வீடானாலும் இவற்றை மறவாதீர்கள். திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்து வயிறு விறைத்தால், சோடா, ஓமத் தண்ணீர், மோர், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுப்பதெல்லாம் துளை வழியே வெளியேறும். மயக்க மருந்து தருவதற்கும் இடைஞ்சல். வயிற்றில் எண்ணெய் தடவி அமுக்காதீர்கள். மேலும் ஒரு வலி மாத்திரை தராதீர்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு வந்த மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வழியில் வலி குறைந்தாலும் திரும்பி வராதீர்கள்.

வலி மாத்திரை வேண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. எரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். முழங்கால் வலிக்காக யாராவது தினமும் மாத்திரை விழுங்குகிறார்களா என்று பாருங்கள். விழுங்கினால், அதன் பெயரைப் படித்துவிட்டு, "வயிற்றில் எரிச்சல் உண்டா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். "ஆமாம்" என்று விடை வந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக நீங்களே துணைக்குக் கிளம்புங்கள்.